ஆறு வேளைச் சொட்டு

ஜன்னலோர நாற்காலியில் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கைப்பிடிகள் இரண்டையும் இறுகப் பற்றியபடி என் மாமனார் உட்கார்ந்திருந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. திருத்தணிக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் இடையே முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டத்தில்கூட யார் மேலும் உரசாமல் வண்டியைக் கொண்டுவந்ததைப் பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்டவர் ஒரு சொட்டு மருந்துக்கு நடுங்கினார்.

வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்து அனுப்பியிருந்தார்கள். முதல் வாரம் தினமும் ஆறு வேளை சொட்டு விட வேண்டும். மாமியார் உயிரோடு இல்லை. கணவர் விடிவதற்குள் ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நான் அவர் முகத்தைத் தொட்டதில்லை. கீழ் இமையை விரலால் இழுக்கும்போது இருவருக்குமே கூச்சமாக இருக்கும். அதை மறைக்கத்தானோ என்னவோ, ஓயாமல் கேட்பார்.

"கைய சோப்பு போட்டு கழுவினியாம்மா? புட்டி கண்ணுல பட்டுச்சா? சொட்டு உள்ள போச்சா, வழிஞ்சிடுச்சா?"

தும்மல் வந்தால் லென்ஸ் நகர்ந்துவிடும் என்று மூக்கைப் பிடித்து அடக்குவார். நான்காம் நாள் காலை, மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு ஓடிவந்து புட்டியைத் திறந்தேன். மறுபடியும் அதே கேள்விகள்.

"இத்தினி கேள்வி கேட்டுகினு இருந்தா எப்படி மாமா? உங்களுக்கு ஒண்ணும் ஆவல. சும்மா பயந்துகினு எங்க உயிர எடுக்காதீங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து என் கையிலிருந்த புட்டியை வாங்கிக்கொண்டார். "ஆங், சரிம்மா. இனிமே நானே போட்டுக்கறேன். நீ வேலைய பாரு" என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் சோற்றைத் தொடாமல் வைத்திருந்ததைப் பார்த்து, கண்ணாடியை நானே எடுத்தேன். இமை வீங்கிக் கண் செக்கச் சிவந்திருந்தது. ஓரத்தில் சீழ்.

"முந்தாநாள்லேர்ந்து வலிக்குதும்மா. பயத்துல அப்படித் தோணுதுன்னு நெனச்சிகினு இருந்துட்டேன்."

சென்னைக்குக் கொண்டுபோனோம். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள், மறுபடியும் அறுவை செய்தார்கள். பார்வை திரும்பவில்லை. வலி தொடங்கிய அன்றே வந்திருந்தால் கொஞ்சமாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

"ஏன் நைனா, வலிக்குதுன்னு இவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்று கணவர் அவரைக் கேட்டார்.

"சொல்லத் தோணலப்பா. எம்மேலதான் தப்பு."

ஆஸ்பத்திரி ஃபைலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன். அதிலிருந்த மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைப் பக்கம் நடந்தேன்.

இடது கண்ணிலும் புரை முற்றியது. அறுவைக்கு அவர் ஒப்புக்கொள்ளவேயில்லை. இரண்டு வருடம் சுவரைத் தடவித் தடவி நடந்தார். கோபம் காட்டியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும், பேத்தி பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருந்து அவளிடம் கேட்பார். எனக்குத் தொந்தரவு கூடாதாம்.

அவர் போய் ஒரு வருடமாகிறது. தெவசத்துக்கு வந்த உறவினர்களிடம், "நைனாவுக்குப் பிடிவாதம். வலிய மறைச்சே கண்ண கெடுத்துகினாரு" என்று கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கணவரின் இலையில்தான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். போதும் என்று கையைக் காட்டினார். வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனேன்.