ராஜினி விட்டுவிட்ட இரண்டு வரிகள்

ராஜினியின் இடது புருவத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரு தழும்பு ஓடுகிறது. ஞாயிறு வகுப்பில் கேட்ட பெட்டைகளுக்கு, கதவு நிலை இடித்தது என்று சொல்லிவைத்திருந்தாள். இடித்தது அவளுடைய புருசன் ரூபனின் முழங்கை. ஒருநாள் அவன் கிணற்றடியில் குந்தியிருந்தபோது, துவாயைக் கொடுக்கலாமென்று சத்தம் காட்டாமல் பின்னால் போய்விட்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, கை மட்டும் திரும்பியது. பிறகு இரத்தத்தைக் கண்டு அவன் நடுங்கிய நடுக்கத்தில், விழுந்து கிடந்தவளே எழும்பி அவனைப் பிடிக்கவேண்டியதாயிற்று.

ரூபனின் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், சண்டையில் பாய்ந்த துவக்குச் சன்னம் ஒன்று இருக்கிறது. எடுக்கப்போனால் இரண்டு காலும் விளங்காமல் போகலாம் என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். மாரிமழை தொடங்கினால் அந்த இடம் கொதிக்கும். அது கொதித்தால் வீட்டில் சட்டி பானை உடையும். சில நாட்களில் ராஜினியின் தோளும் கன்றிப்போகும்.

இரண்டு பேரின் பெற்றோரும் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை விட்டு ஓடிவந்து, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். கடைசிச் சண்டை முற்றிய காலத்தில் இயக்கத்துக்காரர் இளம் பிள்ளைகளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். கலியாணம் கட்டியவர்களை விடுவார்கள் என்று ஒரு கதை உலாவியது. அந்தக் கதையை நம்பி, உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ராஜினியைப் பக்கத்துக் காணி ரூபனுக்கு அவசரம் அவசரமாகக் கட்டிவைத்தார்கள். மேளமில்லை, கூறையில்லை, வெறும் மஞ்சள் கயிறுதான். கதை பாதிதான் உண்மையாயிற்று. அவளை விட்டுவிட்டார்கள், அவனைக் கொண்டுபோனார்கள்.

துவக்கைத் தூக்கப் பழக்கிய அளவுக்குச் சுடப் பழக்கவில்லை. அப்படியே முன்னுக்கு விட்டார்கள். முதல் செல் விழுந்து புகை விலகியபோது, பக்கத்தில் நின்றவனுக்குத் தலை இல்லை. ரூபன் ஓடினான். முன்னாலும் சூடு, பின்னாலும் சூடு. எந்தத் துவக்கின் சன்னம் முதுகில் ஏறியதென்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

கடற்கரையோரம் ஒரு தறப்பாளின் கீழே, செத்தவர்களோடு குப்புறக் கிடந்தவனைத் தேடிக் கண்டுபிடித்தவள் ராஜினி. புண்ணில் புழு நெளிந்தது. சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தாள். செல் கூவிக்கொண்டு வரும்போது அவன் மேல் கவிழ்ந்து படுப்பாள். அது வேறெங்கோ, வேறு யாரிலோ விழுந்து வெடித்ததும் எழும்பி, விட்ட இடத்திலிருந்து புழு எடுப்பாள்.

இப்போது அவர்கள் பூவரசங்குளத்தில் இருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லை. குத்தகைக்கு எடுத்த ஒரு துண்டு வயலில், ஒரு காலை இழுத்து இழுத்து ரூபன் நெல் விதைக்கிறான். ராஜினி முன்பள்ளியில் உதவிக்கு நிற்கிறாள். உயர்தரம் பாஸ் பண்ணினால் ரீச்சராக எடுக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். அறுந்த இடத்திலிருந்து படிப்பை முடிந்துகொள்ள, ஞாயிறுகளில் வவுனியாவுக்கு பஸ் ஏறினாள். தன் வயதில் பாதியான பிள்ளைகளோடு வாங்கில் இருந்தாள்.

தமிழ் படிப்பிக்கிறவர் கனகலிங்கம் சேர். ஒரு ஞாயிறு, பழைய விழா மலரொன்றில் கண்டெடுத்த பாட்டை போட்டோக்கொப்பி அடித்துக் கொண்டுவந்தார். போரில் காயப்பட்ட வீரனை வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். மனைவி விளக்கேற்றி உடம்பைப் பார்க்கிறாள். புண் மார்பில் இருக்கிறது. அவளுக்குச் சந்தோசம். கழுவுகிறாள், கஞ்சி ஊட்டுகிறாள், வாசலுக்கு வரும் நரிகளைக் கொள்ளிக்கட்டையால் துரத்துகிறாள். முடிவில் இப்படிச் சொல்கிறாள்:

முதுகிற் புண்ணெனின் முகம்பா ரேனே
ஏற்றிய விளக்கை ஊதி அவிப்பேனே.

"அந்தப் பொம்பிளையின்ர வீரத்தைப் பாருங்கோ," என்றார் சேர். "புறமுதுகு காட்டினவன் அவளுக்குப் புருசனில்லை. இந்த ரெண்டு வரியிலதான் பாட்டின்ர உயிர் இருக்கு. கீழ்க்கோடு போடுங்கோ."

எல்லோரும் கோடு போட்டார்கள். ராஜினியும் போட்டாள். இந்த இரண்டு வரியும் ரூபனின் காதில் விழக்கூடாது.

அதில்தான் சிக்கல். வாய்விட்டுச் சொன்னால்தான் அவளுக்கு எதுவும் பாடமாகும். குசினியில் தேங்காய் துருவும்போது சொல்வாள், முற்றம் கூட்டும்போது சொல்வாள். ரூபன் கேட்டுக்கொண்டிருப்பான். அன்றைக்கும் கேட்டான்.

"என்னப்பா அது, நரியெல்லாம் வருது?"

"காயப்பட்டு வந்தவனை மனிசி பாக்கிற பாட்டு."

"திருப்பிச் சொல்லு பாப்பம்."

சொன்னாள். கொள்ளிக்கட்டையோடு நிறுத்திக்கொண்டாள்.

"அவ்வளவுதானோ?"

"ஓம், அவ்வளவுதான்."

அவனுக்கு அந்தப் பாட்டுப் பிடித்துப்போனது. மார்புப் புண் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. கஞ்சி ஊட்டுகிறதும் நரி துரத்துகிறதும்தான் பிடித்தது. "எனக்கும் ஒருத்தி இருந்தவள், நரிக்குப் பதிலா செல்," என்று அவளைப் பார்த்துச் சொன்னான். அந்த மாரியில் வீட்டில் ஒரு பானைகூட உடையவில்லை. வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பாட்டைச் சொல்ல ஆரம்பித்துவிடுவான். ராஜினி விட்ட வரிகள் விட்டபடியே இருந்தன. இனிச் சொல்லவும் முடியாது.

அதைச் சொன்னவன் நிரோஜன். அதே வகுப்பில் படிக்கிறவன், வாய்க்காலுக்கு மேற்பக்கம் வயல் வைத்திருக்கும் சிவராசாவின் மகன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்தக் காலத்திலேயே குடியேற்றக் காணி எடுத்த குடும்பம். குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் திறப்பார்கள். அன்று ரூபனின் முறை. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஏறிப்போய்ப் பார்த்தால், நிரோஜன் மண் போட்டு மறித்துத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டு வரம்பில் நிற்கிறான்.

ரூபன் அன்று சண்டைக்குப் போகவில்லை. மண்வெட்டியால் அடைப்பை வெட்டிவிடத் தொடங்கினான். முதுகு சுண்டி இழுத்தது. வாய்க்குள் பாட்டு வந்தது.

நிரோஜனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அண்ணை, இது எங்கட சேரின்ர பாட்டெல்லோ! மிச்சத்தை அக்கா சொல்லித் தரேல்லையோ?"

"என்ன மிச்சம்?"

"முதுகில வெடி வாங்கினவன்ர முகத்திலயும் முழிக்கமாட்டாளாம். விளக்கை ஊதிப்போட்டுப் படுத்திடுவாளாம்." வரிகளையும் சேரைப் போலவே இழுத்துச் சொன்னான். "தோட்டக்காட்டானுக்கு இந்தப் பாட்டெல்லாம் என்னத்துக்கு? ஓடத்தானே தெரியும்."

ரூபன் வீசிய மண்வெட்டி இரும்பு இலையோடு வந்திருந்தால் நிரோஜன் அந்த இடத்திலேயே முடிந்திருப்பான். முதல் வீச்சில் அது வரம்பில் குத்தி இலை கழன்றது. பிறகு வெறும் பிடிதான். முதல் அடி காதோடு விழுந்தது. இரண்டாவது, மறிக்க வந்த கையில் விழுந்து எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. விழுந்தவனை ரூபன் விடவில்லை. வாய்க்கால் சேற்றுக்குள் அவன் முகத்தை அமத்திப் பிடித்தான். குமிழி வந்தது. பக்கத்து வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, ரூபனின் முதுகில் மிதித்துத்தான் நிரோஜனை விடுவிக்க முடிந்தது. மிதி சன்னத்தில் பட்டு அவன் மாடு போலக் கதறினான்.

வீட்டுக்கு வரும்போது மண்வெட்டிப் பிடி கையிலேயே இருந்தது. உடுத்திருந்த சாரம் முழுக்க இரத்தமும் சேறும். ராஜினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். என்ன நடந்ததென்று கேட்கவில்லை.

"அந்தப் பாட்டைச் சொல்லு."

சொன்னாள். பழக்கத்தில் கொள்ளிக்கட்டையில் வந்து நின்றாள்.

"முழுக்கச் சொல்லு!" பிடி கதிரையில் விழுந்தது, கதிரை இரண்டாகப் பிளந்தது. "அவன் சொல்லுறான், அந்தக் குஞ்சுப்பெடியன் சொல்லுறான். உன்ர வாயால சொல்லடி!"

அவள் வாயைத் திறந்தாள். 'முதுகிற்' என்றதற்கு மேல் போகவில்லை.

ரூபன் கிட்ட வந்தான். "ஒண்டு கேக்கிறன். ஏன் மறைச்சனி? வெக்கத்திலயோ? ஓடினவனைக் கட்டியிருக்கிறன் எண்டு வெக்கமோ?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. வழி நெடுக அதைத்தான் தயார்பண்ணிக்கொண்டு வந்தான். ஓடாதவர்கள் எங்கே கிடக்கிறார்கள், ஓடியவன் எப்படி உயிரோடு நிற்கிறான், அன்றைக்கு அந்த வெளியில் முன்னால் யார் சுட்டது, பின்னால் யார் சுட்டது என்று எல்லாவற்றையும் கத்தித் தீர்க்க வாய்க்குள் திரட்டி வைத்திருந்தான்.

"வெக்கமில்லை," என்றாள் ராஜினி. "பயம்."

"ஆருக்கு?"

"உங்களுக்குப் பயந்துதான்."

அவளுடைய கண் தன் முகத்தில் இல்லை, தன் கையில் இருந்த பிடியில் இருக்கிறது என்று ரூபன் அப்போதுதான் கண்டான். அது அன்று புதிதாக வந்த பார்வையல்ல. வருசக்கணக்காக அவள் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையை. அவன் பிடியைக் கீழே போடப் பார்த்தான். சேறு காய்ந்து விரல்கள் விறைத்துப்போயிருந்தன, உடனே விடவில்லை. பொலிஸ் ஜீப் ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் கேட்டது. அவனாகவே வாசல் படலையடிக்குப் போய் நின்றான்.

நிரோஜன் பிழைத்துக்கொண்டான். காது கேட்பது சந்தேகம் என்கிறார்கள், கையில் தகடு வைத்திருக்கிறார்கள். வழக்கு முடியும்வரை ரூபனை விளக்கமறியலில் போட்டார்கள். முதல் தடவை பார்க்கப் போனபோது, ராஜினி சோற்றுப் பார்சலைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றாள். நடுவில் கம்பி வலை. இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கிக்கொண்டு கத்திக் கதைத்தார்கள்.

"உயர்தரச் சோதினை எப்ப?" என்று ரூபன் கேட்டான்.

"வாற மாசம்."

"வகுப்புக்குப் போறனியோ?"

"போறன். ஒருத்தரும் கிட்ட இருக்கினமில்லை. சேரும் ஒண்டும் கேக்கிறேல்லை."

"அந்த ரெண்டு வரியும் இப்ப பாடமோ?"

அவள் தலையை ஆட்டினாள்.

"அப்ப சொல்லு."

சொன்னாள். வண்டி வந்ததிலிருந்து தொடங்கி, விளக்கு, கஞ்சி, நரி, கொள்ளிக்கட்டை எல்லாம் சொல்லி, நிற்காமல் அடுத்த வரிக்குப் போனாள். முகம்பாரேனே என்றபோது அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான். தாடை மட்டும் அசைந்தது.

"நல்ல பாட்டுத்தான்," என்றான் கடைசியில். "ஆனா அந்த மனிசி குடுக்கிற கஞ்சியை நான் வாயில வைக்கமாட்டன்."

ராஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். சிரித்தபடியே வலையின் கண்களுக்குள் விரல்களை விட்டு இறுக்கிப் பிடித்தான். வலை அதிர்ந்தது. ராஜினியின் கால் ஓரடி பின்னுக்குப் போனது. நடுவில் இந்த வலை இல்லாவிட்டால் அந்த இரண்டு வரியையும் தன்னால் சொல்லியிருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவள் காலைப் பார்த்த ரூபனுக்கும் தெரிந்தது. விரல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.