செங்கொடி மழுக்கிய கத்தி

செங்கொடியின் வலது தாடையில் காதுவரை ஓடும் தழும்பு கத்தியால் வந்ததல்ல. திருவொற்றியூரில் ஒரு பாத்திரப் பட்டறையில் பாலிஷ் மோட்டாரில் வேலை பார்த்தபோது, சுழன்றுகொண்டிருந்த சக்கரம் அவள் கையிலிருந்த எவர்சில்வர் தட்டைப் பிடுங்கி அவள் முகத்திலேயே எறிந்தது. பல் தெரியத் தாடை பிளந்தது. முதலாளி ஆட்டோ பிடித்து அனுப்பியதோடு சரி. தையல் பிரித்துவிட்டுத் திரும்பியபோது அவள் இடத்தில் வேறொருத்தி நின்றிருந்தாள். செங்கொடி மூலையில் கிடந்த பச்சைப் பாலிஷ் கட்டிகளை இரண்டு கையாலும் அள்ளி, புடவையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

அந்தக் கட்டிகள்தான் அவள் சாணைத் தொழிலுக்கு முதல். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துச் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு பலகை, இரண்டு சாணைக்கல், ஒரு தோல்பட்டை. முதலில் மீன் நறுக்கும் பெண்களின் கத்திகள் வந்தன. பிறகு படகுக்காரர்கள் தங்கள் மடக்குக்கத்திகளை நீட்டினார்கள். வலையில் கயிறு சிக்கினால் ஒரே இழுப்பில் அறுக்க வேண்டும். தவறினால் விரல் போகும், சில நேரம் ஆளே போவான். செங்கொடி முதலில் சொரசொரப்பான கல்லில் தேய்ப்பாள், அப்புறம் வழவழப்பான கல்லில். கடைசியில் பச்சைப் பாலிஷ் பூசிய தோலில், கத்தியின் முதுகு முன்னே போக, படிய வைத்து இழுப்பாள். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் பிசிறு உதிர்ந்துபோகும். அலகில் முகம் பார்க்கலாம். கையில் வைத்தால் முடி தானாக உதிரும்.

அவள் தீட்டிய கத்தி ஒன்று போன பொங்கலுக்கு முன்னால் ராயபுரத்தில் ஒருவன் கழுத்தை அறுத்தது. போலீஸ்காரர்கள் அவளைக் கூட்டிப்போய்க் கத்தியைக் காட்டினார்கள். அந்தப் பளபளப்பை அவள் உடனே அடையாளம் கண்டாள். மேசையில் செத்தவனின் போட்டோவும் இருந்தது. வெட்டு ஒன்றே ஒன்றுதான். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

ஜோபின் வந்தது கோடை தொடங்கியபோது. படகில் போகிற பையன். அவன் அம்மா ஷெர்லினும் மீன்கத்தி தீட்ட இவளிடம்தான் வருவாள். ஜோபினின் அண்ணன் பெனிட்டோவை ஐஸ் டிப்போக்காரன் ராசையா ஆள் வைத்து இரும்புக் கம்பியால் அடித்திருந்தான். ஐஸ் ஏற்றும்போது வந்த வாய்த்தகராறுதான். பெனிட்டோவின் இரண்டு முட்டியும் நொறுங்கிவிட்டன. இனி அவன் படகேற மாட்டான் என்பது துறைமுகம் முழுக்கத் தெரியும்.

"யக்கா, இத்த நல்லா பண்ணிக்குடு. மயிரு சிரைக்கணும்," என்றான் ஜோபின்.

"கடலுக்குப் போறியா?"

"இல்ல."

கத்தியைக் கொடுத்தபடியே ஐஸ் டிப்போப் பக்கம் பார்த்தான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மாட்டேன் என்றால் அடுத்த சந்தில் இன்னொருத்தன் தீட்டித் தருவான். கல்லில் தேய்க்கத் தேய்க்க அந்தப் போட்டோ கண் முன்னால் வந்து நின்றது. வழக்கம்போலத் தீட்டி முடித்து நீட்டினாள். ஜோபின் முன்னங்கையில் வைத்துப் பார்த்தான். முடி உதிர்ந்தது. தலையாட்டினான்.

"குடு, இன்னும் கொஞ்சம் இழுத்துத் தரேன். கண்ணாடி கணக்கா ஆவட்டும்," என்று திரும்ப வாங்கினாள்.

இம்முறை தோலில் படிய வைக்கவில்லை. முதுகைத் தூக்கிப் பிடித்து, விளிம்பைத் தோலில் அழுத்தி அழுத்தி இழுத்தாள். பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. பளபளப்பு கூடிக்கொண்டே போகும். கூர்மை உருண்டு மழுங்கிக்கொண்டே வரும். அவள் நிறுத்தியபோது அந்தக் கத்தி வெண்ணெயை வேண்டுமானால் வெட்டும். ஜோபின் வெயிலில் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மடக்கி இடுப்பில் செருகினான்.

மறுநாள் காலை மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது கூச்சல் கேட்டது. செங்கொடி எழுந்து ஓடினாள். ராசையாவின் பின்னாலிருந்து வந்த ஜோபின் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கழுத்தில் கத்தியை ஓட்டினான். முழு பலத்தோடு ஓட்டினான். சிவப்பாய் ஒரு கீறல்தான் விழுந்தது. ஜோபின் கத்தியைப் பார்த்தான். அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது. ராசையா திரும்பினான், கையில் ஐஸ் கட்டி இழுக்கும் கொக்கி. அதை வீசினான். கொக்கி ஜோபினின் இடது கண்ணில் இறங்கி, இழுத்தபோது கண்ணோடு வந்தது. கீழே விழுந்தவனை ராசையா மிதித்தான், நாலைந்து பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கும்வரை மிதித்தான். உருகிய ஐஸ் தண்ணீரில் மீன் செதிலோடும் ரத்தத்தோடும் அந்தக் கத்தி பளபளத்துக் கிடந்தது.

வியாசர்பாடி வீட்டில் அன்று அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை. கணவன் குணசேகரன் பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வேலை முடிந்து வந்து, அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னாள்.

"தீட்டிக் குடுத்திருந்தா ராசையா செத்திருப்பான். மழுக்கிக் குடுத்தேன், இவன் கண்ணு பூட்ச்சி. நான் இன்னாதான்யா பண்ணியிருக்கணும்?"

"பெனிட்டோவாண்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்," என்றான் குணசேகரன்.

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. கையில் கத்தி இருந்ததால் கத்தியைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தாள். சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

ராசையா மீதும் ஜோபின் மீதும் வழக்கு. ஜாமீனில் வந்த ஜோபின் ஒரு மத்தியானம் நேராக அவள் பலகைக்கு வந்தான். இடது கண் இருந்த இடம் தைத்து மூடியிருந்தது. புது மடக்குக்கத்தி ஒன்றைப் போட்டான்.

"இதயும் பண்ணு. இந்த தபா பாத்துகினே இருப்பேன்."

"மாட்டேன் ஜோபினு."

"அன்னிக்கி இன்னா பண்ண?"

"மழுக்குனேன். தெரிஞ்சேதான் பண்ணேன். நீ கொலகாரன் ஆவக் கூடாதுன்னு பண்ணேன்."

அவன் அவள் கொண்டையைப் பிடித்து முகத்தைச் சாணைக்கல்லில் மோதினான். மூக்கு முறிந்த சத்தம் அவளுக்குள் கேட்டது. வாயெல்லாம் ரத்தம். மறுபடி மோதினான். கை துழாவியதில் சின்னக் கல் அகப்பட்டது. அவனுக்குப் பார்வை இல்லாத பக்கமாக அதை ஓங்கி அடித்தாள். பொட்டில் பட்டது. மல்லாந்து விழுந்தான். அவன் எழுவதற்குள் மார்பில் முழங்காலை ஊன்றி ஏறினாள். பலகையில் யாரோ படகுக்காரனுக்காகத் தீட்டி வைத்திருந்த கத்தி எப்படி அவள் கைக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியாது. அலகு அவன் தொண்டையில் இருந்தது.

அறுக்க வேண்டும் என்று இருந்தது. கை முழுக்க அந்த ஆசை இருந்தது. அவள் மூக்கிலிருந்து சொட்டிய ரத்தம் அவன் கன்னத்தில் விழுந்தது. தொண்டையில் முளைத்திருந்த தாடி மயிர் அலகு பட்ட இடத்தில் உதிர்ந்ததைப் பார்த்தாள். அவள் இன்னும் இழுக்கவே இல்லை.

"அசையாத," என்றாள். "இது அறுக்கும்டா. அசையாத."

அவன் அசையவில்லை. ஒற்றைக் கண் அவளையே பார்த்தது. பிறகு கத்தியை மெல்லத் தூக்கிச் சுவருக்கு அப்பால் எறிந்தாள். கூட்டம் வந்து அவளை இறக்கியது. ஜோபின் எழுந்து, தள்ளாடியபடி போனான். அவள் போலீசுக்குப் போகவில்லை.

ஷெர்லின் அதன் பிறகு அவளிடம் கத்தி கொண்டுவருவதில்லை. மீன் கூடையோடு கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரே ஒரு நாள் நின்றாள்.

"உன்னாலதான் அவன் கண்ணு போச்சு," என்றாள். கூடையை இறக்காமலே, "வக்கீலு சொல்றாரு, ராசையா செத்திருந்தா புள்ள ஆயுசுக்கும் உள்ளதான்னு. நான் உன்ன இன்னான்னு நெனைக்கறது?" என்று கேட்டாள். ஷெர்லின் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

ஜோபின் இப்போது எண்ணூரில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறான். கும்மிடிப்பூண்டி ரயிலில் எப்போதாவது ஒரே பெட்டியில் ஏறிவிடுவார்கள். கோணிய மூக்கோடு செங்கொடி கம்பியைப் பிடித்தபடி நகர்ந்து, அவனுக்குக் கண் இருக்கிற வலது பக்கமாகப் போய் நிற்பாள். தான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அவன் எங்கே பார்க்கிறான் என்று அவளுக்கும் தெரிய வேண்டும்.