அண்ணனின் லாரி நின்ற கரை

தையல்காரியைத் தெருவில் எல்லோரும் 'கொக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். நெடுநெடுவென்ற உயரம், முழங்கால் சேற்றில் ஆடாமல் அசையாமல் நிற்பாள். புருஷன் செத்துப்போன பிறகு, மெஷினில் உட்காருவதற்கு முன் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஏரியில் இறங்கி ஆகாயத்தாமரையைப் பிடுங்கத் தொடங்கினாள். முதலில் சிரித்தவர்கள் பிறகு மண்வெட்டியோடு வந்தார்கள். வாய்க்காலை அடைத்துக் கிடந்த மெத்தை, டயர், உடைந்த பீரோ எல்லாம் கரையேறின. அடுத்த மழையில் ஏரியில் தண்ணீர் தங்கியது. தெருக் கிணறுகளில் நீர் ஏறியது. கோரைக்குள் நீர்க்கோழி குஞ்சு பொரித்தது. அதை வேடிக்கை பார்த்துக்கொண்டே தைத்து, ஒருத்தர் சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துவிட்டாள்.

ஒரு நாள் விடிந்தும் விடியாததுமாகக் கரையில் ஒரு கழிவுநீர் லாரி நின்றது. குழாய் ஏரிக்குள் கிடந்தது. ஓட்டி வந்தவன் அவள் கூடப்பிறந்த அண்ணன்.

"அண்ணே, நீயா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சுத்திகரிப்பு நிலையத்தைப் பூட்டி எத்தனையோ மாசம் ஆச்சு. இதை எங்க கொண்டுபோய்க் கொட்டறது, நீயே சொல்லு."

"குஞ்சு பொரிச்சிருக்குண்ணே."

"ஊரே கக்கூஸ் போகுது. திட்டு மட்டும் எனக்கா?"

அவள் குழாயைப் பிடித்து இழுத்தாள். கழிவுநீரில் உடம்பெல்லாம் நனைந்தது. அதைப் பார்த்ததும் அண்ணன் வால்வை மூடினான். அன்றைக்கே முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டான்.

அதே லாரியை வேறொருவன் ஓட்டி வந்தான். அவள் குறுக்கே நின்றாள். அவன் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனான். நகராட்சியில் "பார்க்கிறோம்" என்றார்கள். மண்வெட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவர்கள் வீட்டுக் கழிவுத் தொட்டியும் நிரம்பத்தானே செய்யும்! கிணற்று நீர் நாறியது. நீர்க்கோழிகள் எங்கே போயினவோ தெரியவில்லை. அவள் கால்களில் புண் வந்து ஆறவே இல்லை. "இனிமேல் தண்ணியில இறங்காதீங்கம்மா" என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார்.

கோடையில் மீன்கள் செத்து மிதந்தன. அண்ணன் கூடையோடு வந்தான். அவன் அள்ளிப் போட, அவள் கரையில் குழி வெட்டினாள்.

"நான் வண்டி வேலையை விட்டதுல என்னடி ஆச்சு? ஒரு மீனாவது பிழைச்சுதா?"

"இல்லை. உன்கூடப் பேச முடியுது, அவ்வளவுதான்."

அவன் அடுத்த கூடையைக் கொட்டினான். எதிர்க்கரையில் லாரி ஒன்று ஏரியை நோக்கி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.