எம்டன் குண்டும் காஞ்சனாவின் வசனமும்

நாடகம் எழுதுகிறவனுக்கு நடிக்க ஆள் கிடைத்துவிடும். எழுதியதை எழுதியபடி பேசுகிற ஆள்தான் கிடைக்காது. எண்பதுகளில் ஆவடி குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றத்துக்கு வருஷம் ஒரு நாடகம் எழுதிக் கொடுத்தவன் நான். என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

மாங்கொட்டை

முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைமேல் குண்டு போட, ஜனங்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். அதை நாடகமாக்க உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. அந்தக் குண்டின் துண்டு ஒன்று கோட்டை மியூசியத்தில் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, கதாநாயகன் தனபாலையும் இழுத்துக்கொண்டு ரயிலேறினேன். தனபால் ஆவடி டாங்க் ஃபாக்டரியில் வெல்டர், திருநெல்வேலிக்காரர்.

கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. திருநின்றவூருக்கு ஓடிவருகிற ஒரு புருஷன் பெண்டாட்டி கதை அங்கேயே மனசில் ஓடத் தொடங்கிவிட்டது. தனபால் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன அண்ணாச்சி, இத மேடைல காட்டுனா கடைசி வரிசைல இருக்கவன் மாங்கொட்டைன்னுல்லா நெனைப்பான்."

நாதா

மனைவி வேஷம் டைப்பிஸ்ட் காஞ்சனாவுக்கு. நெமிலிச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். "நாதா, வானமே இடிந்து விழுகிறதே" என்று உருகி உருகி எழுதியிருந்தேன். ஒத்திகையில் 'நாதா'வைத் தாண்டவே முடியாமல் சிரித்தார். கடைசியில் பேப்பரை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்: "குண்டு வுழுறப்போ எவ சார் நாதான்னு கூப்டுகினு இருப்பா? அடுப்ப அணைச்சியான்னுதான் கேப்பா."

முன்வரிசை

காஞ்சனாவின் வீட்டுக்காரர் தேவராஜுக்கு மனைவி மேடையேறுவதில் இஷ்டமில்லை. "எவனாச்சும் என் பொஞ்சாதியப் பாத்து சிரிச்சா, பாதியிலயே இட்டுகினு பூடுவேன்" என்று சொல்லியிருந்தார். நாடகத்தன்று முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

வெடிச்சத்தம் கேட்டது. தனபால் கட்டிலுக்கடியில் புகுந்தார். காஞ்சனா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார். "யோவ், ஜெர்மன்காரன் அப்பால வரட்டும். மொதல்ல நீ வெளிய வா. அடுப்ப அணைச்சியா இல்லியா?"

கூட்டம் மொத்தமும் சிரித்தது. தேவராஜ் எழுந்து நின்றார். ஓரத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான், நாடகம் இத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் அவர் கைதட்டத்தான் எழுந்திருந்தார். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் என்னைத் தேடி வந்து, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "ஊட்லயும் தெனம் இத்தையேதான் சார் பேசுது. இம்மாம் நல்லா கீதுன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

ஆக, மியூசியம் வரை போய் நான் எழுதிய போர் நாடகத்துக்கு வசனம் காஞ்சனா, கைதட்டல் தேவராஜ். நோட்டீசில் பேர் மட்டும் என்னுடையது.