சவரிமுத்துவின் தகரக் கரண்டி

கெங்கவல்லிக்கு வந்த பஸ்ஸின் கண்டக்டர்தான் சொன்னார், சவரிமுத்துவை முந்தாநாளே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று. ஒரு பிடி மண் போடக்கூடக் கொடுத்துவைக்காத பாவியானேன்.

விவசாய டிப்போவில் நாங்கள் இருவரும் மருந்து தெளிப்பவர்கள். ஹார்மோன் பொடி முதன்முதலாக வந்தபோது, பூச்சியையும் கொல்லாது, உரமும் இல்லை, இதை வைத்து என்ன செய்வது என்று நான் கேலி செய்தேன். செடி தன் காய்க்குச் சொல்லி அனுப்பும் சேதி அது என்றார் சவரிமுத்து. “மெதுவாச் சொன்னாத்தான்யா காய் கேக்கும். கத்தினா உதுந்துடும்.”

அயோத்தியாப்பட்டணத்துப் பாவாயி அம்மாளின் மாந்தோப்பில் இரண்டு வருடமாகப் பிஞ்சு நிற்கவில்லை. இந்தத் தடவையும் கொட்டினால் மரங்களை வெட்டிச் சூளைக்கு விறகாகப் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார். சவரிமுத்து பொடியைக் கரண்டியில் அள்ளி, விரலால் வழித்து மட்டமாக்கி, சாராயத்தில் கரைத்து, பீப்பாய்த் தண்ணீரில் ஊற்றினார். அத்தனை பெரிய பீப்பாய்க்கு ஒரே ஒரு கரண்டி!

எங்கள் வீட்டில் எதை அளந்தாலும் கடைசியில் மேலே ஒரு கை போடாமல் மனம் ஆறாது. கடைசிப் பீப்பாய் என் பொறுப்பு. அவர் கிணற்றடிக்குப் போயிருந்தார். அந்த அம்மாளின் மேல் இரக்கப்பட்டு, கூடவே இரண்டு கரண்டி குவித்துப் போட்டேன்.

மறுவாரம் போனோம். தோப்பு முழுக்கப் பிஞ்சு அசையாமல் நின்றது. கடைசிப் பீப்பாய் அடித்த வேலியோரத்து இரண்டு மரங்களின் அடியில் மட்டும் தரையே பச்சையாகக் கிடந்தது. பாவாயி அம்மாள் வாய் திறக்குமுன் சவரிமுத்து சொன்னார்: “என் அளவு தப்பிடுச்சுங்கம்மா.”

திரும்பும் வழியில் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ உதிர்ந்த பிஞ்சு ஒன்றை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே வந்தார். “நிறுத்தி வைக்கிற மருந்தேதான் உதுத்தும் விட்டிருக்குது, பாத்தியா?” அந்த முகத்தில் கோபமே இல்லை, வியப்புதான் இருந்தது. எதை எண்ணி வியப்பது என்று எனக்குத்தான் தெரியவில்லை, மருந்தையா, மனிதரையா என்று.

மரங்கள் தப்பின. வருடந்தோறும் பாவாயி அம்மாள் அவருக்கு ஒரு கூடை பழம் அனுப்புவார், “அளவு தப்புனவருக்கு” என்று சொல்லி. அவரும் சிரித்தபடி வாங்கிக்கொள்வார், எனக்கும் பங்கு தருவார். வெட்கமில்லாமல் தின்றிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற அன்று அவர் கொடுத்த தகரக் கரண்டி என்னிடம்தான் இருக்கிறது. விரலால் வழிக்காமல் ஒருநாளும் பொடி போட்டதில்லை. பாவாயி அம்மா, அன்று தப்பியது அவர் அளவு இல்லை, என்னுடையது. இந்த வருடக் கூடையை அவர் வீட்டுக்கே அனுப்புங்கள், பெயரை மட்டும் “அளவு தப்பாதவருக்கு” என்று மாற்றிச் சொல்லி.