நறுவிலிக்குளத்துக்குத் திரும்பிப் போனவர்

பேசாலையில் கருவாடு காயவைக்கும் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தபோது றோசலின் மிஸ்ஸின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "அக்கா மோசம் போயிட்டா," என்றார். மாதக்கணக்காக எதிர்பார்த்திருந்த மரணச் செய்தி. 

அவரைச் சமூகவியல் விரிவுரையாளராக அறிந்தவர்கள் இந்த அஞ்சலியை வாசிக்கும் உங்களில் பலர். நான் அவரோடு களப்பணிக்குப் போனவள். இந்திய அகதி முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களைப் பற்றிய ஆய்வுக்காக நறுவிலிக்குளத்தில் வீடு வீடாக ஏறினோம். அங்கேதான் ஜெனிற்றாவைக் கண்டோம். முகாமில் பிறந்தவள், மருத்துவமனைத் தாதியாக ஆசைப்பட்டாள். குடியுரிமைப் பத்திரம் இல்லாததால் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வழியில்லை. மிஸ் எல்லாவற்றையும் கவனமாக எழுதிக்கொண்டார்.

ஆய்வு கொழும்பில் பாராட்டுப் பெற்றது. அச்சுப் பிரதியைக் கொடுக்க மறுபடி போனோம். ஜெனிற்றாவின் தாய் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இதில என்ர பிள்ளையின்ர கதையும் இருக்கோ, மிஸ்?"

"ஓம் அம்மா. பேரை மட்டும் மாத்தியிருக்கிறன்."

"எழுதினது நல்லது. ஆனா அவளுக்கு வயசு கடந்திட்டுது. இனி பயிற்சிக்கு எடுக்க மாட்டினமாம்."

 திரும்பும்போது பஸ்ஸில் மிஸ் சொன்னார்: "பத்திரம் எடுக்க எந்தக் கந்தோருக்குப் போகவேணுமெண்டு எனக்கு அப்பவே தெரியும். நான் எழுதிக்கொண்டிருந்தனான்."

அடுத்த ஆண்டு பதவியை விட்டார். நறுவிலிக்குளம் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் ஒரு மேசை போட்டுக் குடியுரிமைப் படிவங்கள் நிரப்பத் தொடங்கினார். ஆய்வில் இரண்டு வரியாக இருந்த குடும்பங்களையெல்லாம் தேடிப் போனார். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் யாராவது அலுத்துக்கொண்டால், "நாளைக்கும் வாறன்," என்பார். மறுநாள் போய் நிற்பார். பலருக்குப் பத்திரம் கிடைத்தது. நன்றி சொன்னால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

நோய்ப் படுக்கையில் கிடந்தபோது, "அந்தப் பிள்ளைக்கு நான் பிந்திப்போனன்," என்றார். 

அடக்கத்துக்கு ஜெனிற்றா வந்திருந்தாள். மிஸ் சொன்னதை அவளிடம் சொன்னேன்.

"எனக்கு அவவில கோவம் இருந்தது. இப்பவும் கொஞ்சம் இருக்கு," என்றாள். பிறகு முன்னே போய் ஒரு பிடி மண் போட்டாள். அழுதாள்.

மிஸ்ஸின் பொறுமை எனக்கு இல்லை, அறிவும் இல்லை. என்னிடம் வந்து சேர்ந்திருப்பவை அவர் முடிக்காமல் விட்ட மூன்று குடும்பங்களின் விண்ணப்பங்கள். திங்கட்கிழமை கச்சேரி திறக்கும்போது நான் அங்கே நிற்பேன்.