மிஸ்டு கால் என்று நினைத்தேன்

ஒடிந்த ஊசி முனையோடு ஒரு குழந்தைச் சட்டையை, நல்ல சட்டை என்று பெட்டிக்கு அனுப்பியவள் நான். தெரியாமல்தான் அனுப்பினேன். ஆனால் தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை... முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி உங்கள் விருப்பம்போல் என்னைத் தீர்ப்பிடுங்கள்!

வேலம்பாளையத்துப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. செல்போன் அப்போதுதான் எங்களைப் போன்றவர்கள் கைக்கும் வந்திருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் பச்சைக் குழந்தைகளின் சட்டைகளை ஒரு இயந்திரத்தில் விட்டு எடுப்பது என் வேலை. தைக்கும்போது ஒடிந்த ஊசித்துண்டு துணிக்குள் சிக்கியிருந்தால் இயந்திரம் பீப் என்று கத்தி நின்றுவிடும். கத்திய சட்டையை மறுபடியும் விட்டுப் பார்த்து, அப்போதும் கத்தினால் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். அந்த அறைக்குள் செல்போன் கூடாது. பக்கத்தில் போன் இருந்தால் இயந்திரம் குழம்பும் என்று கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். நானும் படித்தேன். படித்துவிட்டுத்தான் போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

ஏன் என்கிறீர்களா? என் மகள் ஜெபாவுக்கு அப்போது ஏழு வயது. நாங்கள் தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். கணவர் சாயப்பட்டறையில், நான் கம்பெனியில். பள்ளி விட்டு நாலரைக்கு அவள் தனியாக வீட்டுக்கு வருவாள். தெருமுனைக் கடையில் காயின் போன் இருந்தது. காசைப் போட்டு என் எண்ணை அழுத்துவாள். நான் எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு உள்ளே விழுந்துவிடும். இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிட்டு, காசைத் திரும்ப எடுத்துக்கொள்வாள். அந்த மிஸ்டு கால் வந்தால் என் பிள்ளை பத்திரமாக வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

சொல்லுங்கள்... நீங்கள் அந்தப் போனை வெளியே வைத்திருப்பீர்களா? கம்பெனி போனுக்குப் பிள்ளை கூப்பிடட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டும் பார்த்தேன். ஆர்டர் விஷயமாகப் பேசுகிற லைன் என்று சொல்லிவிட்டார். போனை உள்ளே கொண்டுபோனதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை. வருந்தவும் மாட்டேன்!

சத்தத்தை அடைத்து, அதிர மட்டும் வைத்திருந்தேன். கால் வரும்போது முதலில் இயந்திரம் கத்தும், அடுத்த நொடி இடுப்பு அதிரும். ஆரம்பத்தில் கத்திய சட்டையை ஒழுங்காக மறுபடி விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இருக்காது. போகப் போக அதையும் விட்டுவிட்டேன். நாலரைக்குக் கத்தினால் பிள்ளை வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டு, சட்டையைத் தேறிய குவியலில் போட்டுவிடுவேன்.

அன்றும் நாலரைக்குக் கத்தியது. மஞ்சள் சட்டை, என் இரண்டு உள்ளங்கை அளவுதான் இருக்கும். குவியலில் போட்டேன். இடுப்பு அதிரவில்லை. டவர் எடுக்கவில்லை போலும் என்று சமாதானம் செய்துகொண்டேன். பேக்கிங் ஆட்கள் குவியலை அள்ளிக்கொண்டு போய்ப் பெட்டிகளில் அடுக்கி ஒட்டினார்கள். ஐந்து மணி நெருங்கும்போது இயந்திரம் மறுபடி கத்தியது, இடுப்பும் அதிர்ந்தது. ஜெபா அன்று தாமதமாக வந்திருக்கிறாள்.

அப்படியென்றால் முதலில் கத்தியது எதற்காக?

மறுநாள் காலை சரசு வந்தாள். மூலனூர்ப் பெண், தையல் லைனில் வேலை. ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிக் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள். முந்தின நாள் அவள் ஊசி ஒடிந்து, ஒரு துண்டு மட்டும் கிடைக்கவில்லையாம். காந்தத்தை வைத்துத் தரை முழுக்கத் துழாவியிருக்கிறாள்.

"ஏனுங்கக்கா, மஞ்ச சட்டை தைக்கறப்ப ஊசி முனை எங்கயோ போயிருச்சுங்க. உங்க மிசின்ல மாட்டுச்சுங்களா?"

பெட்டிகள் அப்போதும் கம்பெனிக்குள்தான் இருந்தன. என் கண்ணெதிரே! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் பிரித்துத் தேடியிருப்பார்கள். எப்படி விட்டாய் என்று கேட்டிருப்பார்கள். போன் விஷயம் வெளியே வந்திருக்கும். என் வேலை போயிருக்கும்.

"இல்ல சரசு. ஒண்ணும் மாட்டல" என்றேன்.

"இப்பத்தானுங்கக்கா உசுரு வந்துச்சு. பச்சக் கொழந்தைங்க போடறதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மதியம் லாரி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

புகார் எதுவும் வரவில்லை. வராததால் யாரையும் குத்தவில்லை என்று ஆகிவிடுமா? கடல் கடந்து எங்கோ ஒரு தாய், பிள்ளை ஏன் வீறிட்டு அழுகிறது என்று தெரியாமல் பாலையும் மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கலாம்... போன் விஷயத்தில் யாரோடும் மல்லுக்கு நிற்பேன். சரசுவிடம் சொன்ன பொய்க்கு என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. சர்ச்சில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை. சொன்னால் சாமியார் மன்னித்துவிடுவார். மன்னிக்க அவர் யார்? குத்துப்பட்டது அவரா?

போன மாதம் ஜெபாவுக்குக் குழந்தை பிறந்தது. பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் புதுச் சட்டைகளைப் புரட்டிப் போட்டு, ஒவ்வொரு தையலாக விரலால் தடவுகிறேன். பிள்ளைக்குக் குளிர்கிறது, சீக்கிரம் கொடுங்கள் என்று அவள் சத்தம் போடுகிறாள். ஏன் தடவுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டேன். குளிரட்டும்... கடைசித் தையலைத் தடவி முடிக்கும்வரை அந்தச் சட்டையை என் கையிலிருந்து யாரும் வாங்க முடியாது!